கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்

தளவாய்புரத்தில் பல பெண்களுக்குத் தையல் மெஷின்தான் பிழைப்பு. நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் பீஸ் கணக்கில் கூலி. எழுந்தால் கூலி குறையும் என்று தண்ணீரைக் குறைத்துக் குடித்து, மூத்திரத்தை அடக்கி உட்கார்ந்தே பழகியவர்கள். ராஜபாளையத்தில் நூற்பாலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களும் இதேபோலத்தான். வெள்ளைப்பட்டால் உடம்புச் சூடு என்பார்கள். தீட்டு நின்று ஐந்து வருஷம் கழித்து ரத்தம் பட்டால் "வெயிட்டு தூக்கியிருப்பேன்" என்பார்கள். வயிறு உப்பினால் வாயு. தீபாவளி ஆர்டர் முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடும். பிறகு ஒரு நாள் எங்கேயோ ஒரு நர்சிங் ஹோமில் ஸ்கேன் பார்த்து, "கர்ப்பப்பையில் கோளாறு இருக்கு, எடுத்துடலாம்" என்று சொன்னதும் குடும்பமே நிம்மதியாகத் தலையாட்டும். பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அது எதற்கு என்கிற நினைப்பு.

இந்த அத்தியாயத்தை அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் படித்துவிடுங்கள். நோயாளி மட்டுமல்ல, கூடப் போகிற கணவர், மகன், மதினி, நாத்தனார் எல்லோரும் படிக்க வேண்டியது. நான் வலியுறுத்தப்போவது ஒன்றே ஒன்று. தீட்டு ஒழுங்கில்லை, ரத்தம் படுகிறது, கட்டி இருக்கிறது என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிட்டார்களா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போவது போன்ற உயிர் அவசரம் வேறு. மற்ற எதுவும் சதைப் பரிசோதனை முடிவு வருகிறவரை காத்திருக்கும்.

ஏன் இத்தனை கறார்? கர்ப்பப்பை வாயில் புற்று இருப்பது தெரியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்தால், பக்கவாட்டுத் திசு, யோனியின் மேல்பகுதி, நெறிக்கட்டிகள் எல்லாம் உள்ளேயே நின்றுவிடும். நோயும் அங்கே நிற்கக்கூடும். பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைக்கலாம் என்றால், கதிர்க் குழாயை உள்ளே நிறுத்தக் கர்ப்பப்பையே இருக்காது. அது இருந்த இடத்தில் குடல் இறங்கியிருக்கும், அதற்கும் சூடு படும். முதலிலேயே சரியான இடத்துக்குப் போயிருந்தால் ஒரே வைத்தியத்தில் முடிந்திருக்க வேண்டியது இரண்டாகிறது, பலனும் குறைகிறது. சினைப்பைக் கட்டியிலும் இதே கதை. உள்ளே புற்று இருக்கும் கட்டியை ஊசியால் உறிஞ்சினாலோ ஆபரேஷனில் உடைத்தாலோ, ஒரு சினைப்பைக்குள் அடங்கிக் கிடந்த நோய் வயிற்றுக்குள் சிந்திவிடும். நார்க்கட்டியை மெஷினால் துண்டு துண்டாக்கிச் சிறு துளை வழியே எடுக்கும் முறையில், அந்தக் கட்டிக்குள் ஒளிந்திருக்கும் புற்று பரவக்கூடும் என்று 2014-ல் அமெரிக்க மருந்து ஆணையமே எச்சரித்தது. முதல் ஆபரேஷன் யார் கையில் நடக்கிறது என்பதில் பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது தனிக் கொடுமை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்கு நடந்ததைப் பற்றிய வழக்கில், இதைக் கண்காணிக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே காரணம் கேட்பதும், இன்னொரு டாக்டரிடம் காட்டுவதும் மரியாதைக் குறைவு ஆகாது.

எந்த நோய், எந்த அறிகுறி

கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பையின் உட்சுவர், சினைப்பை. இந்த மூன்றில்தான் பெரும்பாலான கேஸ்கள் அடங்கும். மூன்றுக்கும் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு.

நம் நாட்டில் அதிகம் பார்ப்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-க்குக் கொடுத்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக வந்தது, 80,000 பேர் அளவுக்கு இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாக் கேஸ்களுக்கும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசன் இதைக் கண்டுபிடித்ததற்காக 2008-ல் நோபல் பரிசு பெற்றார். தாம்பத்திய உறவில் தொற்றும் வைரஸ் என்று சொன்னவுடன் சில வீடுகளில் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால் தெளிவாகவே சொல்கிறேன். தாம்பத்தியம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது இது வந்து போகும். ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்ட சிலருக்குத்தான் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் புற்றாக மாறுகிறது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் தேவையில்லை. கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும்.

உறவுக்குப் பின் ரத்தம் படுவது, இரண்டு தீட்டுக்கு இடையில் படுவது, நாற்றத்தோடு தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ வெள்ளைப்படுவது ஆகியவை இதன் அறிகுறிகள். இடுப்புவலியும் ஒரு கால் வீக்கமும் வரும்போது நோய் முற்றியிருக்கும். ஆரம்பத்தில் வலியே இருக்காது. வலி இல்லாததால்தான் நம் பெண்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

கர்ப்பப்பை உட்சுவரில் வருவது பெரும்பாலும் தீட்டு நின்ற பிறகு. உடம்பு பருத்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், பிள்ளை பெறாதவர்கள், மார்புப் புற்றுக்காக டமாக்சிபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தீட்டு நின்று ஒரு வருஷம் கடந்தபின் ஒரே ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். பத்தாவது ஆள் நீங்களாக இருந்தால், இவ்வளவு சீக்கிரம் வந்ததே பெரிய பலன். உள்வழி ஸ்கேனில் உட்சுவர்த் தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மெல்லிய குழாயை விட்டுச் சதை எடுப்பார்கள். ஓ.பி.யிலேயே முடிகிற காரியம்.

சினைப்பைப் புற்று மூன்றிலும் கள்ளத்தனமானது. வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி மூத்திரம் வருவது, அடிவயிற்று வலி, பாவாடை நாடா இறுகுவது. ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, கேஸ் மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வயிற்றில் நீர் கோத்தபின் வருகிறவர்களே அதிகம். ஐம்பது வயதை ஒட்டிய பெண்ணுக்கு இந்தத் தொந்தரவு புதிதாக ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால், வயிற்று டாக்டரிடம் போகும்போதே சினைப்பையையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. வயிற்றுக் காசநோயிலும் அது ஏறும், எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த நோயை முன்கூட்டிக் கண்டுபிடித்துச் சாவைக் குறைக்கும் பரிசோதனை இதுவரை எதுவும் இல்லை. 'ஃபுல் பாடி செக்கப்' விளம்பரத்தில் சிஏ-125 என்று போட்டிருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது சினைப்பையிலோ மார்பிலோ புற்று வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மா, அக்கா, சித்தி மட்டும் கணக்கு இல்லை. அப்பாவின் தங்கைக்கு, அதாவது அத்தைக்கு வந்திருந்தாலும் கணக்குத்தான். பிஆர்சிஏ என்ற மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் மகளுக்கு இறங்கும். அத்தை மகன், மாமன் மகளைக் கட்டுகிற குடும்பங்களில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒன்றாகவே இருப்பதால், யாருக்கு என்ன வந்தது என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துப்போவது நல்லது.

மற்றவை அபூர்வம். பிறப்புறுப்பின் வெளித்தோலில் ஆறாத புண், விடாத அரிப்பு, வெள்ளைத் திட்டு இருந்தால் வயதான பெண்கள் மகளிடம்கூடச் சொல்லமாட்டார்கள். களிம்பு தடவி ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் சதைப் பரிசோதனை வேண்டும். முத்துப்பிள்ளை கர்ப்பம் கலைந்தவர்கள், டாக்டர் சொன்ன தேதிகளில் ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். அதில் புற்று வந்தாலும் மருந்திலேயே பெரும்பாலும் முழுசாகக் குணமாகும், மறுபடி பிள்ளையும் பெறலாம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் நடந்தது

முன்கூட்டிப் பரிசோதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உலகமே காட்டுகிற சாட்சி நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சுகாதார மையம், பிரான்ஸிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்போடு சேர்ந்து 2000-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஆய்வை முன்னின்று நடத்தியவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். கிராமத்துப் பெண்களில் 30 முதல் 59 வயது வரை உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வினிகர் தடவிப் பார்க்கும் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனை கிடைத்த பிரிவில் கர்ப்பப்பை வாய்ப் புற்று வருவது 25 சதவீதமும், அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. பெரிய மெஷின் எதுவும் இல்லை. வினிகர், பஞ்சு, விளக்கு, பழகிய கண். அதோடு, கோளாறு தெரிந்த பெண்ணை விட்டுவிடாமல் பின்தொடர்ந்து வைத்தியம் செய்தார்கள். அதுதான் முக்கியம்.

அந்தச் சோதனையை இன்று உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். தேனியிலும் தஞ்சாவூரிலும் முதலில் செய்து பார்த்துவிட்டு, பிறகு தமிழ்நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசம். என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பயம், ஆகவே சொல்கிறேன். தீட்டு இல்லாத நாளில் போங்கள். மூத்திரம் போய்விட்டு வரச் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் மேசையில் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு துணி போர்த்துவார்கள். வாத்து மூக்குபோல இருக்கும் கருவியை உள்ளே விட்டு விரிப்பார்கள். சில்லென்று இருக்கும். உடம்பை இறுக்கினால் அழுத்தும், வாயால் மூச்சு விட்டால் தளரும். பஞ்சில் நனைத்த நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தொட்டுவைத்து ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். லேசாக எரியலாம். கோளாறான இடம் இருந்தால் வெள்ளையாகத் திட்டுப்படும். அவ்வளவுதான்.

'பாசிட்டிவ்' என்று எழுதினால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. சாதாரணப் புண்ணும் வெளுக்கும். ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்கோ விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பி, லென்ஸ் வைத்த கருவியால் பார்த்துச் சதை எடுப்பார்கள். புற்றாவதற்கு முந்தைய நிலை என்றால், அந்த இடத்தை மட்டும் சூட்டால் கருக்கியோ வெட்டியோ எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கர்ப்பப்பை போகாது. பாசிட்டிவ் சீட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மெஷினில் உட்காருகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. சோதனைக்கு வராதவரைக்கூடப் புரிந்துகொள்ள முடிகிறது. வந்து, தெரிந்து, விட்டுவிடுவதை என்னவென்று சொல்வது?

பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். ஒரே டோஸ்கூடப் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. புனேயில் தயாராகும் செர்வாவாக் என்ற ஊசி 2023-ல் வெளிவந்தது. 14 வயதுச் சிறுமிகளுக்கு அரசே போடும் என்று தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பள்ளியிலோ விசாரியுங்கள். ஊசி போட்டாலும் 30 வயதுக்குப் பிறகு சோதனை வேண்டும்.

யாரிடம், எங்கே

சதைப் பரிசோதனையில் புற்று என்று வந்துவிட்டால், பிரசவம் பார்க்கும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அடுத்த கட்டம் அவருடையதல்ல. பெண்களுக்கான புற்றுநோய் அறுவைசிகிச்சையில் எம்.சிஎச். முடித்தவர்கள் இருக்கிறார்கள், பொதுப் புற்றுநோய் அறுவையில் எம்.சிஎச். முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கதிர்வீச்சு டாக்டர், கீமோ டாக்டர் மூவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிற மருத்துவமனையைத் தேடுங்கள்.

தளவாய்புரத்திலிருந்து வடக்கே மதுரை. ராஜாஜி அரசு மருத்துவமனையும், அதைச் சேர்ந்த பாலரெங்காபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் அங்கே இருக்கின்றன. தெற்கே சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டு இடத்திலும் கதிர்வீச்சு உண்டு. தங்க வீடு எங்கே இருக்கிறது, கூட நிற்க யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். கரண்ட் வைப்பது வாரக்கணக்கில் நடக்கிற வைத்தியம். சென்னையில் சொந்தம் இருந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-ல் உருவாக்கியது, டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுக்க உழைத்தது. பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்தில் ஏறினால் காலையில் சென்னை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ரயில் கட்டணம் முழுசாகத் தள்ளுபடி, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் கொடுக்கும் படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கி, டிக்கெட் எடுக்கும் கவுன்டரில் காட்ட வேண்டும்.

போகும்போது பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது. சதைப் பரிசோதனை செய்த லேபில் கண்ணாடிச் சிலைடும், மெழுகுக் கட்டியும் இருக்கும். தீப்பெட்டியில் பாதிகூட இராத சதுர மெழுகுக் கட்டி, ஓரத்தில் ஒரு நம்பர் எழுதியிருக்கும். அதில்தான் உங்கள் சதை இருக்கிறது. எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். அது உங்களுடையது. பெரிய மருத்துவமனையில் அதை மறுபடி பார்ப்பார்கள், சில சமயம் முடிவே மாறும். மெழுகுக் கட்டியை வெயிலில் நிற்கும் பஸ்சின் முன்கண்ணாடிப் பக்கம் வைக்காதீர்கள், உருகிவிடும்.

ஏற்கெனவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபரேஷன் முடிந்ததும் வெளியே நிற்கிற சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, எடுத்த உறுப்பைத் தட்டில் வைத்துக் காட்டுவது பல இடங்களில் வழக்கம். எல்லோரும் பார்த்து, 'அப்பாடா' என்று திரும்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒருவராவது, "இதைப் பரிசோதனைக்கு அனுப்புறீங்களா சிஸ்டர், ரிசல்ட் எப்ப வரும்?" என்று கேட்க வேண்டும். செலவுக்குப் பயந்து அனுப்பாமல் விட்டு, ஒரு வருஷம் கழித்து ரத்தம் படும்போது என்ன நோய் இருந்தது என்றே தெரியாமல் நிற்கிற நிலை வரக்கூடாது.

டாக்டரிடம் கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள். "டாக்டரம்மா, எந்த ஸ்டேஜ்? ஆபரேஷனா, கரண்டா? ரெண்டும் வேணுமா, ஒண்ணு போதுமா?" என்று நேராகக் கேட்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குத் துளை போட்டு ஆபரேஷன் செய்யலாம் என்றால், வயிற்றைத் திறந்து செய்வதைவிட இது எனக்கு ஏன் நல்லது என்று கேளுங்கள். 2018-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், துளை முறையில் நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. தழும்பு சின்னது என்பது மட்டும் காரணம் ஆகாது.

எட்டு வாரம்

கர்ப்பப்பை வாயில் நோய் கொஞ்சம் பரவியிருந்தால், வெளியிலிருந்து 25 முறை அளவில் கரண்ட், வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் ஊசி, கடைசியில் உள்ளே குழாய் வைத்துக் கதிர் கொடுப்பது என்று போகும். எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நீண்டால் பலன் குறையும். ஆடிப்பூரத் தேர், வீட்டுக் கல்யாணம், பொங்கல் என்று நடுவில் ஊருக்கு வந்து ஒரு வாரம் தங்குவது ஆபத்து. ரத்தம் குறைவாக இருந்தால் ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள், தயங்காதீர்கள். வயிற்றுப்போக்கு, மூத்திர எரிச்சல் வரும், மருந்து உண்டு. யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு குழாய்க் கருவியைப் பயன்படுத்தச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நர்சிடம் நீங்களே கேளுங்கள். பிறகு தாம்பத்தியம் நடத்தலாம். நோய் கணவருக்குத் தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிடலாம், வெளியிலிருந்து கரண்ட் வைத்தவர் பேரப்பிள்ளையைத் தூக்கலாம்.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேல் போகாத குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். நோய் வந்தபின் அலையாமல் இப்போதே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993, மருத்துவ ஆலோசனைக்கு 104. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

வைத்தியம் முடிந்தபின் முதல் இரண்டு வருஷம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வார்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான் திரும்பும். அந்தத் தேதிகளை வீட்டுக் காலண்டரில் எழுதி, கம்பெனி முதலாளியிடம் ஒரு வாரம் முன்னாலேயே லீவு சொல்லிவிடுங்கள்.